மூன்று பெயர்களில் ஒரு கட்சி

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆம் நாள், தாய்லாந்தின் அரசியலமைப்பு நீதிமன்றம் பாங்கொக் நகரிலே ஒரு தீர்ப்பை வாசித்தது. அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் மிகக் கூடுதலான ஆசனங்களைக் கொண்டிருந்த கட்சி, அத்தீர்ப்போடு கட்சியாக இருக்கும் உரிமையை இழந்தது. அதன் நிருவாகிகள் 11 பேர் பத்தாண்டுகளுக்கு அரசியலில் ஈடுபடலாகாதெனத் தடுக்கப்பட்டனர். ஒன்பது நீதிபதிகளும் இதில் ஒருமனதாக இருந்தனர். பதினைந்து மாதங்களுக்கு முன்னர் ஏறத்தாழ 1 கோடியே 44 இலட்சம் மக்கள் அக்கட்சிக்கு வாக்களித்திருந்தனர். வீதியிலே கவச வாகனம் எதுவும் வரவில்லை, வானொலியில் இராணுவ இசை ஒலிக்கவில்லை, எவரும் சுடப்படவில்லை. தாய்லாந்தின் அரசியல் வரலாற்றை ஓரளவேனும் அறிந்தவர்க்கு இவ்வமைதியே முதலில் வியப்பைத் தரும்.

கட்சி புரிந்த குற்றம் யாது? தண்டனைச் சட்டக்கோவையின் 112ஆம் பிரிவைத் திருத்துவதற்கு அது சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவர முயன்றது. அத்திருத்தத்தைத் தேர்தல் வாக்குறுதியாகவும் மக்கள் முன் வைத்தது. மன்னரைத் தலைவராகக் கொண்ட சனநாயக ஆட்சிமுறையைக் கவிழ்க்கும் எத்தனம் இது என்பது நீதிமன்றத்தின் முடிபு. சட்டம் இயற்றுவதற்கென்றே மக்களால் அனுப்பப்பட்டவர்கள் ஒரு சட்டத்தைத் திருத்த முனைந்தமை இங்கே குற்றமாயிற்று. அந்த 112ஆம் பிரிவு இன்றைய கடுமையான வடிவத்தை எப்போது பெற்றது, யாருடைய கையாற் பெற்றது என்பதை அறிந்தாலன்றி இத்தீர்ப்பின் முழுப்பொருளும் விளங்காது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1932ஆம் ஆண்டு யூன் 24ஆம் நாள், ‘கண ராசதொன்’ என்னும் பெயரிய ஒரு குழுவினர் தாய்லாந்தின் தனிமன்னர் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தனர். கணம் என்பதும் இராட்டிரம் என்பதும் தமிழறிந்தோர்க்குப் புதிய சொற்களல்ல. பொருள், மக்கள் குழு என்பதாகும். இளம் படை அதிகாரிகளும், ஐரோப்பாவிற் கற்றுத் திரும்பிய அரச உத்தியோகத்தரும் அதில் அடங்கியிருந்தனர். அவர்களுட் சிந்தனையாளராக விளங்கிய பிரிடி பனோம்யோங், 1934இல் ‘தம்மசாத்’ பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். ‘தர்மசாத்திரம்’ என்ற சொல்லே தாய் மொழியில் அவ்வாறு மருவிற்று. சட்டத்தைக் குடிமக்கள் எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அன்று மக்கள் கைக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட இறைமை, அங்கே நெடுங்காலம் தங்கவில்லை. 1932இன் பின்னர் வெற்றிபெற்ற இராணுவச் சதிகள் பன்னிரண்டுக்குக் குறையா. 2017இல் இயற்றப்பட்டது அந்நாட்டின் இருபதாவது அரசியலமைப்பு. யாப்புகள் மாறினவேயன்றி, யாப்புக்கு அப்பால் நின்ற மூன்று சக்திகள் மாறவில்லை: அரண்மனை, படை, அவ்விரண்டின் நிழலில் வளர்ந்த பெருஞ்செல்வர் குடும்பங்கள்.

இவற்றுள் அரண்மனையின் நிலை தனியே நோக்கற்பாலது. இராமன் என்னும் பெயரை வரிசை எண்ணோடு தாங்கும் சக்கிரி வம்சத்து மன்னர்கள், பௌத்த தர்மத்தின் காவலராகவும், இந்துசமய மரபுவழித் தேவராசராகவும் ஒருங்கே கருதப்பட்டு வந்தனர். பாங்கொக்கின் அரசவைப் பிராமணர்கள் மார்கழி விழாவில் ஓதிவந்த ‘திரியம்பாவாய்’, மாணிக்கவாசகரின் திருவெம்பாவையே என்பது தமிழ் மாணவர் பலரும் கேள்விப்பட்ட செய்தி. அவ்விழாவுக்குரிய பேரூஞ்சலின் செந்நிறத் தூண்கள், ஊஞ்சலாட்டம் 1930களில் நின்றுபோன பின்னரும், நகரின் நடுவே நிற்கின்றன. சனநாயக நினைவுச்சின்னம் அங்கிருந்து நடைதூரத்திலேயே உள்ளது. இரண்டு காலங்கள் ஒரே நகரில் இவ்வளவு அண்மையில் நிற்பது கண்ணுக்கு அழகாயிருக்கலாம். அரசியலில் அது அவ்வளவு இனிமையாக அமையவில்லை.

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் மாணவர் எழுச்சி தானோம் கித்திகச்சோனின் இராணுவ ஆட்சியை வீழ்த்தியது. அதன்பின் வந்த மூன்றாண்டுகள் தாய்லாந்து வரலாற்றிலே தனித்தன்மை வாய்ந்தவை. தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் பெருகின. குத்தகை விவசாயிகள் சங்கமாயினர். தடைசெய்யப்பட்டிருந்த நூல்கள் தெருவோரக் கடைகளுக்கு வந்தன. 1974இல் தோன்றிய தாய்லாந்துச் சோசலிசக் கட்சி, 1975 சனவரித் தேர்தலில் 15 ஆசனங்களை வென்றது. ஏனைய இரு இடதுசாரிக் கட்சிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 269இல் 37. ஆளும் வர்க்கத்துக்கு இத்தொகையே போதுமான அச்சத்தைத் தந்தது. விவசாயிகள் சங்கத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். கட்சியின் பொதுச்செயலாளரும் தம்மசாத் பல்கலைக்கழகச் சமூகவியல் விரிவுரையாளருமான பூன்சனோங் புண்யோதயான, 1976 பெப்ரவரி 28ஆம் நாள் இரவு, வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் மாதத் தேர்தலிற் கட்சியின் ஆசனங்கள் இரண்டாகச் சுருங்கின.

அதே ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் நிகழ்ந்தது பலரும் அறிந்ததே. நாடுகடந்திருந்த தானோம் துறவுடை தரித்து மீண்டமையைக் கண்டித்தவர் இருவர், பாங்கொக்குக்கு மேற்கே தூக்கிலிடப்பட்டு மாண்டனர். அதனைத் தம்மசாத் மாணவர்கள் நாடகமாக நடித்துக் காட்டினர். தூக்கில் தொங்குபவனாக நடித்த மாணவனின் முகம் பட்டத்து இளவரசரின் முகத்தை ஒத்திருந்ததாகவும், எனவே அது அரச நிந்தனை எனவும் வலதுசாரிப் பத்திரிகையும் இராணுவ வானொலியும் கூச்சலிட்டன. மறுநாட் காலையிற் பொலிசாரும் வலதுசாரிக் கும்பல்களும் பல்கலைக்கழகத்தினுள் புகுந்தனர். அரசாங்கக் கணக்கின்படி மாண்டோர் 46 பேர். உண்மைத் தொகை அதனினும் கூடுதல் என்றே பலரும் கருதுவர். அன்று மாலையே படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாட்சி அதே மாதத்தில் பிறப்பித்த கட்டளையொன்று, அரச நிந்தனைக்குரிய தண்டனையை மாற்றியமைத்தது. அதுவரை உச்சத் தண்டனை ஏழாண்டுச் சிறை. இப்போது குறைந்தது மூன்றாண்டு, கூடியது பதினைந்தாண்டு. பாராளுமன்றம் இல்லாத ஒரு மாதத்தில், மாணவரின் குருதி உலருமுன், படையதிகாரிகள் இட்ட ஒப்பத்தினால் வந்த மாற்றம் இது. 2024இல் ஒரு கட்சி உயிரிழந்தது இந்த ஏற்பாட்டைத் தொட்டதற்காகத்தான்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். தக்சின் சினவத்திராவின் கட்சி கிராமப்புற வாக்குகளால் வலுப்பெற்றது. 2006இல் இராணுவம் அவரை அகற்றியது. 2007இலும் 2008இலும் அவர்சார்ந்த இரு கட்சிகளை நீதிமன்றம் கலைத்தது. 2010இல் வீதிக்கு வந்த செஞ்சட்டையினருள்ளும் அவர்களைச் சூழ்ந்தோருள்ளும் 90க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் தம்மைப் ‘பிராய்’, அதாவது குடிமை அடிமைகள், என்றழைத்து, எதிரிகளை ‘அம்மாத்’ என்றனர். அது அமாத்தியர் என்ற பழஞ்சொல்லேயாகும். 2014 மே 22ஆம் நாள் தளபதி பிரயுத் சான்-ஓ-சா மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினார். கட்சிகளைக் கலைக்கும் கலையை நீதிமன்றம் இக்காலத்திலேயே பயின்றுகொண்டது எனலாம்.

பிரயுத்தின் ஆட்சி தந்த 2017ஆம் ஆண்டு யாப்பு, சதியைச் சட்டமாக்கிய யாப்பு. மக்கள் 500 பேரைத் தேர்ந்தெடுப்பர். இராணுவ ஆட்சி 250 பேரைச் செனற் சபைக்கு நியமிக்கும். முதலைந்தாண்டுகளுக்குப் பிரதமரை இவ்விரு சபைகளும் கூடித் தெரிவுசெய்யும். அதாவது 750 வாக்குகளில் மூன்றிலொரு பங்கு, தேர்தலுக்கு முன்னரே போடப்பட்டுவிட்டது. அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கும் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் வருவோரை அங்கீகரிப்பதும் அச்செனற் சபையே. வட்டம் எங்கும் இடைவெளியின்றி மூடப்பட்டிருந்தது.

இந்த வட்டத்தினுள்ளேதான் 2018 மார்ச் மாதம் ஒரு புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. தாய் மொழியில் அதன் பெயர் ‘அனாகொத் மாய்’. அநாகதம் என்னும் வடசொல்லை வருங்காலம் என்ற பொருளில் அறிந்தவர்க்கு அது புதிய எதிர்காலம் என உடனே விளங்கும். மோட்டார் உதிரிப்பாகத் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்திற் பிறந்த தனாதோன் ஜுவாங்ருங்ருவாங்கிட் என்பவரும், தம்மசாத் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் பியாபுத் சேங்கனோக்குன் என்பவரும் அதன் முன்னோடிகள். முதலாளியொருவர் தலைமை தாங்கும் கட்சியை முற்போக்குக் கட்சி எனலாமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. வர்க்க நோக்கிற் பார்ப்பின் இது உழைக்கும் வர்க்கத்தின் கட்சியன்று. நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினதும் இளைய தலைமுறையினதும் சீர்திருத்தக் கட்சியே. ஆயினும், ஒரு கட்சியின் முற்போக்குத் தன்மையை அதன் தலைவரின் பிறப்பைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது. அது எவற்றைத் தொட முனைந்தது என்பதே உரைகல்லாகும்.

அது தொட முனைந்தவற்றுள் கட்டாய இராணுவ சேவையை முதலிற் குறிப்பிடலாம். ஒவ்வோர் ஏப்ரல் மாதத்திலும் 21 வயது எய்திய தாய்லாந்து ஆண்கள் மாவட்ட நிலையங்களிற் கூடுவர். தாமாக முன்வந்தோர் தொகை போதாதவிடத்து, ஏனையோர் பெட்டியினுட் கையை விட்டுச் சீட்டெடுக்க வேண்டும். கறுப்புச் சீட்டு வந்தால் வீடு. சிவப்புச் சீட்டு வந்தால் ஈராண்டு வரை படைமுகாம். கறுப்புச் சீட்டைக் கண்டு துள்ளிக் குதிப்பவனும், சிவப்புச் சீட்டைக் கண்டு மயங்கி விழும் தாயும் ஆண்டுதோறும் பத்திரிகைப் படங்களாவர். உயர் கல்லூரிகளிற் படைப்பயிற்சி முடித்த மாணவர்க்கு இச்சீட்டு இல்லை. எனவே சுமை பெரும்பாலும் வசதியற்ற வீடுகளின் பிள்ளைகள் மீதே விழுகின்றது. முகாமிலே அதிகாரி வீட்டுப் பணியாளனாகப் புல் வெட்டவும் துணி துவைக்கவும் நேர்ந்தவர்களின் கதைகள் பல. இச்சீட்டு முறையை நீக்குவோம் என்று புதிய கட்சி கூறியபோது, அது பாதுகாப்புக் கொள்கையை மட்டும் பேசவில்லை. படை என்பது யாருடைய சொத்து என்னும் வினாவையே எழுப்பியது. மது உற்பத்தியிற் சில பெருங்கம்பனிகள் கொண்டிருந்த ஏகபோகத்தை உடைப்பதும், மாகாண ஆளுநர்களை மக்களே தெரிவுசெய்வதும், ஒரே பாலினத்தார் மணம்புரியும் உரிமையும் அதன் ஏனைய வாக்குறுதிகளுட் சில. சிறு உற்பத்தியாளர்க்கு மதுத்தொழிலைத் திறந்துவிடும் சட்டமூலம் பின்னர் 2022இல் பாராளுமன்றத்தில் இரண்டே வாக்குகளால் தோற்றது.

2019 மார்ச் 24ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் ஓராண்டே நிரம்பிய இக்கட்சி 62 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும் ஏறத்தாழ 80 ஆசனங்களையும் பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தது. யூன் மாதம் பிரதமர் தெரிவில் தனாதோனுக்கு 244 வாக்குகள், பிரயுத்துக்கு 500. செனற் சபைத் தலைவர் வாக்களியாது விலகியிருக்க, எஞ்சிய 249 செனற்றர்களும் ஒருவர் தவறாது பிரயுத்தின் பக்கமே நின்றனர்.

அடுத்து வந்த வழக்குகள் வேடிக்கையும் வேதனையும் கலந்தவை. ஊடக நிறுவனத்திற் பங்கு வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கலாகாது என்பது யாப்பின் விதி. தனாதோன் சஞ்சிகை வெளியிடும் கம்பனியொன்றில் 675,000 பங்குகளை வைத்திருந்தார். அதன் சஞ்சிகைகள் தேர்தலுக்கு முன்னரே நின்றுபோயிருந்தன. 2019 சனவரி 8ஆம் நாள் பங்குகளைத் தாயாருக்கு மாற்றிவிட்டதாக அவர் கூறினார். வேட்புமனு அளித்தது பெப்ரவரியில். மாற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் நவம்பர் 20ஆம் நாள் அவரது பாராளுமன்றப் பதவியைப் பறித்தது. கட்சியின் முக்கோணச் சின்னம் ஐரோப்பாவின் இரகசியச் சங்கமொன்றின் குறியை ஒத்திருப்பதால் அது முடியாட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்கின்றது என்றுகூட ஒருவர் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கை நீதிமன்றமே 2020 சனவரியிற் தள்ளுபடி செய்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அடுத்த மாதம் வந்த வழக்கு அவ்வளவு நகைப்புக்கு இடமானதன்று. தனாதோன் தம் கட்சிக்கு 19 கோடியே 12 இலட்சம் பாத் கடனாகக் கொடுத்திருந்தார். ஒருவர் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி பாத்துக்கு மேல் கட்சிக்கு நன்கொடை அளிக்கலாகாது என்பது சட்டம். கடன் நன்கொடையாகுமா? ஆகும் என்றது நீதிமன்றம். 2020 பெப்ரவரி 21ஆம் நாள் கட்சி கலைக்கப்பட்டது. நிருவாகிகள் 16 பேருக்குப் பத்தாண்டுத் தடை.

இங்கே ஒரு நிகழ்ச்சியை மறத்தலாகாது. 2019 ஒக்டோபரில், இரு காலாட்படைப் பிரிவுகளை மன்னரின் நேரடிப் பொறுப்பில் விடும் அவசரக் கட்டளை பாராளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்தது. எதிர்த்து வாக்களித்தவர் 70 பேர், அனைவரும் இக்கட்சியினரே. கட்டளையின் உள்ளடக்கத்தை அன்றி, அவசரகால முறை பயன்படுத்தப்பட்டதையே தாம் எதிர்ப்பதாகப் பியாபுத் சபையில் வாதிட்டார். முறை பற்றிய வாதத்தை முறையாகக் கேட்கும் காதுகள் அங்கிருந்தனவா என்பது ஐயமே.

கட்சி கலைக்கப்பட்ட மறுநாளிலிருந்து பல்கலைக்கழக வளாகங்கள் பேசத் தொடங்கின. கொள்ளைநோய் சில மாதங்கள் அவற்றை அடக்கியது. யூலையில் எழுச்சி மீண்டது. ஓகஸ்ட் 10ஆம் நாள் தம்மசாத்தின் ரங்சித் வளாகத்தில், முடியாட்சியைச் சீர்திருத்தும் பத்துக் கோரிக்கைகளை மாணவியொருத்தி மேடையேறி வாசித்தாள். 1976இன் பின் அந்நாட்டில் எவரும் ஒலிபெருக்கியிற் சொல்லத் துணியாத சொற்கள் அவை. 1932 புரட்சியின் நினைவாக அரச சதுக்கத்திற் பதிக்கப்பட்டிருந்த பித்தளைத் தகடு 2017 ஏப்ரலில் இரவோடிரவாக மறைந்திருந்தது; 2020 செப்டெம்பர் 20ஆம் நாள் மாணவர் புதிய தகடொன்றை அரண்மனைக்கு எதிரேயுள்ள வெளியிற் பதித்தனர். ஒருநாள் கழியுமுன் அதுவும் மறைந்தது. பின்னர் 112ஆம் பிரிவு மீண்டும் விழித்துக்கொண்டது. வழக்குகள் நூற்றுக்கணக்கிற் பெருகின. ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனித் தண்டனை என்பதால், முகநூற் பதிவுகளுக்காக ஒருவருக்கு 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதிக்கும் நிலை வந்தது.

இதற்கிடையில், கலைக்கப்பட்ட கட்சியின் பாராளுமன்ற உறுப்பினருள் 55 பேர் ‘காவ் கிளாய்’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். அடி நெடுந்தூரம் வைத்தல் என்பது பொருள். தலைவர் பிட்டா லிம்ஜரோன்ராட். வீதியிலே மாணவர் எழுப்பிய கோரிக்கையைச் சபைக்குள் எடுத்துச் செல்லும் பொறுப்பு இவர்களைச் சார்ந்தது. 2021இல் 44 உறுப்பினர்கள் ஒப்பமிட்டு ஒரு சட்டமூலத்தை முன்வைத்தனர். அது 112ஆம் பிரிவை ஒழிக்கும் சட்டமூலமன்று. உச்சத் தண்டனையை ஓராண்டாகக் குறைத்தல், யாரும் யார்மீதும் முறையிடலாம் என்ற நிலையை நீக்கி அரச மாளிகைப் பணியகம் மட்டுமே முறையிட இடமளித்தல், நல்லெண்ணத்துடன் கூறிய உண்மைக்கு விலக்களித்தல் ஆகியனவே அதன் சாரம். மிதமானது, வீதியில் நின்ற மாணவர் சிலருக்கு அது ஏமாற்றத்தையும் தந்தது. சட்டமூலம் விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. யாப்புக்கு முரணானது என்று கூறிச் சபை நிருவாகம் அதனை நிறுத்திவைத்தது. விவாதிக்கப்படாத இத்தாள்களே மூன்றாண்டுகளின் பின் கட்சிக்கெதிரான சான்றாயின.

2023 மே 14ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் எவரும் எதிர்பாராத முடிவு வந்தது. செம்மஞ்சள் நிறக் கட்சி 151 ஆசனங்களுடன் முதலிடம் பெற்றது. பாங்கொக்கின் 33 தொகுதிகளில் 32 அதற்குரியனவாயின. அது வென்ற தொகுதிகளின் மொத்தம் 112 என்பது தற்செயலே. எஞ்சிய 39 விகிதாசாரப் பட்டியலால் வந்தவை. எட்டுக் கட்சிகள் ஒன்றிணைந்து பிட்டாவைப் பிரதமராக முன்மொழிந்தன. யூலை 13ஆம் நாள் அவருக்குக் கிடைத்தவை 324 வாக்குகள், வேண்டியவை 375. செனற்றர்களுள் 13 பேரே ஆதரித்தனர். எதிர்ப்பதற்குக்கூட மனமின்றிப் பெரும்பாலோர் வாக்களியாதிருந்தனர். ஆறு நாட்களின் பின் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நடந்தன. ஒரு முறை தோற்ற பெயரை மீண்டும் முன்மொழியலாகாது என்று கூட்டுச்சபை தீர்மானித்தது. நீதிமன்றமோ பிட்டாவின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. காரணம் மீண்டும் பங்கு! 2007இலேயே ஒளிபரப்பை இழந்துவிட்ட தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் 42,000 பங்குகள், இறந்த தந்தையின் சொத்தைப் பராமரிப்பவர் என்ற முறையில் அவர் பெயரில் இருந்தன. 2024 சனவரி 24ஆம் நாள் அதே நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தது. அதற்குள் பிரதமர் பதவி ஐந்து மாதங்களுக்கு முன்னரே வேறொருவர்க்குப் போய்விட்டது. கூட்டிலிருந்து பிரிந்த தக்சின் சார்பான பியூ தாய்க் கட்சி, பழைய இராணுவத் தரப்புக் கட்சிகளுடன் சேர்ந்து 2023 ஓகஸ்ட் 22ஆம் நாள் ஆட்சி அமைத்தது. 2010இல் வீதியில் மாண்ட செஞ்சட்டையினரின் குடும்பங்கள் அன்று என்ன எண்ணியிருக்கும் என்பதை அக்கட்சித் தலைவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

112ஐத் தொடாது விட்டிருப்பின் கட்சி ஆட்சியிலேறியிருக்கும். ஆட்சியிலிருந்து படிப்படியாக மற்றவற்றைச் செய்திருக்கலாம் என்று கூறுவோர் உளர். கேட்பதற்கு விவேகமான வாதம். ஆனால் வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. 2019இல் போட்டியிட்ட புதிய எதிர்காலக் கட்சியின் வேலைத்திட்டத்தில் 112ஆம் பிரிவுத் திருத்தம் இடம்பெறவில்லை. அப்பிரிவைத் தொடாத கட்சியும் கலைக்கப்பட்டது. தொட்ட கட்சியும் கலைக்கப்பட்டது. முன்னையதற்குக் கடன் காரணமாயிற்று, பின்னையதற்குச் சட்டமூலம். காரணங்கள் வேறுவேறாயினும், படையையும் ஏகபோகத்தையும் வாக்கின் எல்லைக்குள் கொண்டுவர முனைந்த கட்சி என்பது இரண்டுக்கும் பொது.

அதேவேளை கட்சியின் குறைகளையும் மூடிமறைத்தல் தகாது. 1970களின் சோசலிசக் கட்சியினருக்கு வயலிலும் ஆலையிலும் தோழர்கள் இருந்தனர். செம்மஞ்சள் கட்சியின் பலம் பெரிதும் கைத்தொலைபேசித் திரைகளிலும் நகர்ப்புற வாக்குச்சாவடிகளிலும் தங்கியிருந்தது. தொழிற்சங்கவாதிகள் சிலர் அதன் பட்டியலில் வந்தது மெய்யே. எனினும், கட்சி கலைக்கப்படும்போது வேலைநிறுத்தம் செய்யவல்ல சங்கமோ, கிராமந்தோறும் கூடவல்ல கிளையோ போதிய அளவில் இருக்கவில்லை. பலர் அழுதனர், அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தனர். ஆட்சியாளர் இதனை நன்கு அறிந்திருந்தனர். காத்திருப்பவரைச் சுடவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பூன்சனோங்கைக் கொன்ற துப்பாக்கிக்கு ஒளிவு தேவைப்பட்டது. தீர்ப்போ தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும், வர்த்தமானியில் அச்சாகும், அதற்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. 1976இல் அரசு தன் செயலை மறைக்க வேண்டியிருந்தது. 2024இல் அதனை வாசித்துக் காட்ட முடிந்தது.

2024 சனவரி 31ஆம் நாள், 112 திருத்தப் பிரசாரம் ஆட்சிமுறையைக் கவிழ்க்கும் முயற்சி என நீதிமன்றம் தீர்த்தபோதே கட்சியின் விதி எழுதப்பட்டுவிட்டது. மே 14ஆம் நாள், தேர்தல் வெற்றியின் முதலாண்டு நிறைவன்று, 112ஆம் பிரிவின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 28 வயதுப் பெண்ணொருத்தி, நீண்ட உண்ணாநோன்பின் பின் சிறைக்காவலில் உயிர்நீத்தாள். நீதிமுறையைச் சீர்திருத்த வேண்டும், மாற்றுக் கருத்துக்காக எவரையும் சிறையிடலாகாது என்பனவே அவளது கோரிக்கைகள். ஓகஸ்ட் 7ஆம் நாள் கலைப்புத் தீர்ப்பு வந்தது.

இரண்டு நாட்களின் பின், எஞ்சிய பாராளுமன்ற உறுப்பினர் 143 பேரும் ஏற்கெனவே பதிவாகியிருந்த ஒரு சிறு கட்சியிற் சேர்ந்து அதற்குப் புதிய பெயர் சூட்டினர். ‘பிரசாசொன்’ என்பது அப்பெயர். பிரசையும் சனமும் சேர்ந்த சொல். ஆங்கில ஏடுகள் அதனை மக்கள் கட்சி என்று எழுதின. 1932இன் ‘கண ராசதொன்’ குழுவையும் அவ்வேடுகள் நெடுங்காலமாக அப்பெயராலேயே வழங்கி வந்தன என்பது கவனிக்கத்தக்கது. புதிய கட்சிக்குத் தலைவராக நத்தபொங் ருவாங்பன்யாவுத் தெரிவானார். அப்போது அவருக்கு வயது 37. 2021ஆம் ஆண்டுச் சட்டமூலத்தில் ஒப்பமிட்ட 44 பேர்மீதும் ஒழுக்க மீறல் முறைப்பாடு ஊழல் எதிர்ப்பு ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்டிருந்தது. அதற்குரிய உச்சத் தண்டனை, வாழ்நாள் முழுதும் அரசியற் பதவி வகிக்கத் தடை. அந்த 44 பேருள் நத்தபொங்கும் ஒருவர்.